கிட்டார் உறும வேண்டுமா, முதலில் கெயினைக் குறையுங்கள்

கேள்வி இதுதான்: கையில் ஒரு சாதாரண எலக்ட்ரிக் கிட்டார், வீட்டில் வாசிக்கிற 15 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் (ஒலிபெருக்கி), ஒலியைக் கரகரப்பாக்குகிற ஒரு டிஸ்டார்ஷன் பெடல். பெடலில் கெயினை, அதாவது டிஸ்டார்ஷனின் அளவை, முழுக்கத் திருப்பியும் மெட்டல் பாட்டுகளில் கேட்கிற அந்த அடித்தொண்டை உறுமல் வரவில்லை. தேனீக்கூட்டைக் கலைத்தது போன்ற இரைச்சல்தான் வருகிறது. இதைவிடப் பெரிய பெடல் வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். இருப்பதை வைத்தே ஒன்று செய்து பாருங்கள். கிட்டாரின் ஸ்விட்சை பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகள் தங்குகிற பாகம்) பக்கத்துப் பிக்அப்புக்கு, அதாவது கம்பியின் அதிர்வை மின்னலையாக்குகிற காந்தச் சுருளுக்கு, தள்ளுங்கள். பெடலில் கெயினைப் பாதிக்கும் சற்றுக் கீழே இறக்குங்கள். ஆம்பை கிளீன் (டிஸ்டார்ஷன் இல்லாத) சேனலில் வைத்து பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 5 என்று திருப்புங்கள். சத்தத்தை மட்டும் வழக்கத்தைவிட நன்றாகவே கூட்டுங்கள். அப்புறம் ஆறாம் கம்பியையும் ஐந்தாம் கம்பியையும் மட்டும் சேர்த்து ஒரு பவர் கார்டு (இரண்டே சுரங்கள் கொண்ட கார்டு), கீழ்நோக்கி அழுத்தமாக ஒரே அடி. பெரும்பாலும் இதிலேயே இரைச்சலில் பாதி அடங்கி, சுரத்துக்கு ஒரு உடம்பு வந்திருக்கும். ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் மீதியை நீங்களே தேடிப் பிடித்துவிடலாம்.

ஆம்பிலோ பெடலிலோ ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவுதான் என்று ஒரு மின்னழுத்த எல்லை உண்டு. அதைத் தாண்டி வருகிற அலையின் தலை வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். தலை தட்டையான அலைக்குள் மூல சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் புதிதாகச் சேர்ந்துவிடுகின்றன. டிஸ்டார்ஷனின் கரகரப்பு அங்கிருந்து வருகிறது. கூடவே, மெல்ல அடித்தாலும் பலமாக அடித்தாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும், சுரம் நீளும்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததுதான். உறுமலுக்கு மூலமான இன்னொரு விஷயத்தைத்தான் அதிகம் பேர் சொல்வதில்லை. இரண்டு சுரங்கள் ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் போனால், அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டினால் என்ன வருமோ, கழித்தால் என்ன வருமோ, அந்தச் சுரங்களும் வெளியே வரும். ஆறாம் கம்பியின் ஈ (E) சுரம் 82.4 ஹெர்ட்ஸ். அதோடு சேர்த்து ஐந்தாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் அடிக்கிற பி (B) 123.5 ஹெர்ட்ஸ். வித்தியாசம் ஏறக்குறைய 41. அது ஆறாம் கம்பிக்கும் ஒரு ஆக்டேவ் கீழே இருக்கிற ஈ! சாதாரண ட்யூனிங்கில் அந்தச் சுரத்துக்கு கிட்டாரில் கம்பியே கிடையாது, டிஸ்டார்ஷன்தான் அதை உண்டாக்குகிறது. கூட்டினால் ஏறக்குறைய 206 வரும். அது ஜி ஷார்ப். நீங்கள் வாசிக்காத மேஜர் தர்ட், அதாவது ஈயிலிருந்து தொடங்குகிற மேஜர் ஸ்கேலின் மூன்றாவது சுரம். உங்கள் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை நேரடியாகக் கொடுக்க முடியாதுதான். ஆனால் அதன் மடங்குகளெல்லாம் வரிசையாகக் காதில் விழுவதால், அடியில் இருக்க வேண்டிய சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். இரண்டு விரல் பவர் கார்டு அவ்வளவு பிரம்மாண்டமாகக் கேட்பது இதனால்தான்.

இதற்குப் பதிலாக, நான்காம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஈயையும் மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் ஜி ஷார்ப்பையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். மேஜர் தர்ட் இடைவெளி, ஆக்டேவைப் பன்னிரண்டு சம பாகமாக்குகிற இன்றைய சம ட்யூனிங்கில், சரியான 5-க்கு 4 விகிதத்தில் விழுவதில்லை, கொஞ்சம் ஏறியிருக்கும். அதனால் கூட்டலும் கழித்தலும் தருகிற சுரங்கள் ஒன்றோடொன்று உட்காராமல் மோதும், கிளீனாக இனிமையாக இருந்த கார்டு டிஸ்டார்ஷனில் குழம்பிவிடும். கெயின் கூடக் கூட இந்த மோதலும் கூடும். கிட்டாரின் ட்யூனிங் இம்மி பிசகினாலும் இதே கதைதான். கிளீனில் காது மன்னித்துவிடுகிற பிசகை டிஸ்டார்ஷன் மன்னிக்காது. ஆகவே ஒவ்வொரு தடவையும் வாசிக்கத் தொடங்கும் முன் ட்யூனரைப் பாருங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பிரிட்ஜில் சேடிலை (கம்பி உட்காருகிற சின்னத் துண்டை) நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

இப்போது உங்கள் இரைச்சலுக்கு வருவோம். கீழ்க் கம்பிகளின் அலை பெரியது. அந்தப் பெரிய அலை எல்லையில் போய் முட்டித் தட்டையாகி நிற்கிற நேரத்தில், அதன் முதுகில் ஏறி வருகிற சின்ன அலைகள், அதாவது சுரத்துக்குத் தெளிவு கொடுக்கிற மிட்டும் பிக்கின் கடியும், சேர்ந்து அழிந்துபோகும். பேஸ் அதிகமாக உள்ளே போனால் டிஸ்டார்ஷன் கொழகொழவென்று ஆவது இதனால்தான். தெளிவு போதவில்லையே என்று அதற்கு மேல் ட்ரெபிளை ஏற்றுகிறோம். ஆனால் அந்த ட்ரெபிள் எடுத்துக்கொடுப்பது கிளிப்பிங்கில் பிறந்த மேல் குப்பையைத்தான். கீழே சேறு, மேலே சீறல், நடுவில் ஒன்றுமில்லை. உறுமல் இருக்க வேண்டிய இடமோ அந்த நடு.

இதிலிருந்து கிடைக்கிற விதி எளிது: டிஸ்டார்ஷனுக்குள் போவதற்கு முன் பேஸைக் குறை, வெளியே வந்த பிறகு வேண்டிய அளவு கூட்டிக்கொள்.

இந்த விதிக்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி டோனி அயோமி. பர்மிங்ஹாமில் உலோகத் தகடு ஆலையில் வேலை பார்த்தபோது, 17 வயதில், வலது கையின் இரண்டு விரல்நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். அவர் இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கையே அதுதான். விரலுக்குத் தானே செய்த உறைகளை மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகளைப் போட்டுத் திரும்ப வாசித்தார். 1970-ல் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது. இன்று மெட்டல் என்று சொல்கிற எல்லாவற்றுக்கும் அந்த கிட்டார் ஒலிதான் தொடக்கம். அவ்வளவு இருண்ட, கனமான ஒலிக்கு அவர் ஆம்புக்கு முன்னால் வைத்திருந்தது ரேஞ்ச்மாஸ்டர் என்கிற ட்ரெபிள் பூஸ்டர். ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள சின்னப் பெட்டி. பேஸை விட்டுவிட்டு மேல் பகுதியை மட்டும் பலமாக்கி ஆம்புக்குள் தள்ளுவதுதான் அதன் வேலை. உலகத்தின் மிகக் கனமான டோனுக்குப் பின்னால் ட்ரெபிளைக் கூட்டுகிற பெட்டி இருந்தது! பேஸ் உள்ளே போய்ச் சேறாகவில்லை, நடுப்பகுதி முழுபலத்தோடு லேனி வால்வு ஆம்பை முட்டியது, கனத்தை ஆம்பும் ஸ்பீக்கரும் பார்த்துக்கொண்டன.

இன்றைய மெட்டல்காரர்கள் இதே வேலையை ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை வைத்துச் செய்கிறார்கள். ஐபனேஸ் 1970களின் கடைசியில் கொண்டுவந்த அந்தப் பச்சைப் பெடலின் சர்க்யூட், ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை கிளிப்பிங் கட்டத்தில் படிப்படியாகக் குறைக்கிறது. மெட்டலுக்கு அதை டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு, டோன் பாதி என்று வைத்து, ஏற்கெனவே டிஸ்டார்ஷனில் இருக்கிற ஆம்புக்கு முன்னால் போடுவார்கள். அதன் டிஸ்டார்ஷன் யாருக்கும் தேவையில்லை. பேஸை ஒதுக்கி நடுவைத் தள்ளுவதற்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது. வேகமான பாம் மியூட் ரிஃப்கள் (உள்ளங்கையால் கம்பியை அடக்கி, திரும்பத் திரும்ப வாசிக்கிற துண்டுகள்) தட் தட் என்று இறுக்கமாக விழுவது இதன் புண்ணியம்.

உங்களிடம் ஒரு பெடல்தான் இருக்கிறது என்பதால், நேரடியாகச் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 7 அல்லது 8-க்கு இறக்கி அதே ரிஃபை வாசியுங்கள். பெடலுக்குள் போகிற அலை சிறிதாகும், சேறு குறையும். பணம் செலவழித்தே ஆவேன் என்றால் இன்னொரு டிஸ்டார்ஷன் வாங்காதீர்கள், ஒரு கிராஃபிக் ஈக்வலைஸர் பெடல் வாங்குங்கள். பாஸ் நிறுவனத்தின் ஜிஈ-7 மாதிரி 100, 200, 400, 800 ஹெர்ட்ஸ், 1.6, 3.2, 6.4 கிலோஹெர்ட்ஸ் என்று ஏழு ஸ்லைடர்கள் இருந்தால் போதும். அதை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்து 100-ஐ நன்றாக இறக்குங்கள், 800-ஐ ஏற்றுங்கள். ரேஞ்ச்மாஸ்டரும் ட்யூப் ஸ்க்ரீமரும் செய்கிற வேலையில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும். அதையே பின்னால் மாற்றி வைத்து 6.4-ஐ இறக்கிப் பாருங்கள், சீறல் அடங்கும். முன்னாலா பின்னாலா என்பதில் ஒலி எவ்வளவு மாறுகிறது என்று காதால் கேட்டுவிட்டால், டிஸ்டார்ஷனில் பாதி ரகசியம் உங்களுக்கு விளங்கிவிட்டது.

எந்த அலைவரிசையில் என்ன இருக்கிறது என்பதைக் காதில் பதித்துக்கொள்வது நல்லது. 100-க்குப் பக்கத்தில் நெஞ்சில் இடிக்கிற அதிர்வு. 200 முதல் 300 வரை கனம், அதிகமானால் மூட்டம். 400 முதல் 1 கிலோஹெர்ட்ஸ் வரை உறுமல். தொண்டையில் இருந்து வருவது போன்ற உயிரெழுத்துத் தன்மை இங்கேதான். 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை கடி. 5-க்கு மேல் பெரும்பாலும் சீறல். கடையில் டெமோ பார்க்கும்போதும் வீட்டில் தனியாக வாசிக்கும்போதும் மிட்டை அடியோடு எடுத்துவிட்டால் கேட்க அருமையாக இருக்கும். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் டிரம்மும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த அடுத்த நிமிடம் அந்த கிட்டார் காணாமல் போய்விடும். கீழ்ப்பகுதியை பேஸ் கிட்டாரும் கிக்கும் எடுத்துக்கொள்ளும், மேல்பகுதியை சிம்பல்கள் எடுத்துக்கொள்ளும், கிட்டாருக்கென்று மிஞ்சுவது நடுதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஆல்பத்தில் கேட்கிற உறுமல் ஒரு கிட்டாருடையது அல்ல. ஒரே ரிஃபை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று வைத்திருப்பார்கள். அடியில் பேஸ் கிட்டாரும், பல சமயம் அதுவும் லேசான டிஸ்டார்ஷனோடு, அதே ரிஃபை வாசித்துக்கொண்டிருக்கும். கிட்டார் டிராக்கை மட்டும் பிரித்துக் கேட்டால் இவ்வளவு குறைந்த கெயினா, இவ்வளவு மிட்டா என்று ஆச்சரியமாக இருக்கும். அந்த மொத்த ஒலியையும் ஒரே கிட்டாரிலிருந்து எடுக்கப் பார்க்கும்போதுதான் நாம் பேஸையும் கெயினையும் ஏற்றிக்கொண்டே போகிறோம். நண்பர் யாராவது பேஸ் கிட்டார் வாசிப்பவர் இருந்தால் ஒருநாள் கூட்டிவைத்து ஒரே ரிஃபைச் சேர்ந்து வாசித்துப் பாருங்கள்.

கெயினைக் குறை என்று இவ்வளவு சொல்கிறேனே, எல்லாவற்றையும் முழுக்கத் திருப்பியே புகழ்பெற்ற ஒரு ஒலி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பாஸ் 1983-ல் வெளியிட்ட ஹெவி மெட்டல் ஹெச்எம்-2 என்கிற பெடலை ஸ்வீடன்காரர்கள் நான்கு நாப்களையும் கடைசி வரை திருப்பி வைத்து வாசித்தார்கள். ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவான எண்டூம்ட் குழுவின் 1990 ஆல்பத்துக்குப் பிறகு அது ஒரு ஊரின் அடையாள ஒலியாகவே ஆகிவிட்டது. மரம் அறுக்கிற ரம்பத்தின் ஒலி என்றுதான் அதைச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெடலின் டோன் நாப்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். முழுக்கத் திருப்பும்போது 1 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் பெரிய அளவில் தூக்கப்படுகிறது. அந்த ஒலியின் முகம் கெயினைவிட அந்த மிட் மேட்டில்தான் இருக்கிறது. அதே நிறுவனத்தின் மெட்டல் ஸோன் எம்டி-2-வைப் பலரும் திட்டுவார்கள். அதில் மிட்டை எந்த அலைவரிசையில் வேண்டுமானாலும் கூட்டவோ குறைக்கவோ இன்னொரு நாப் உண்டு. பெரும்பாலானவர்கள் அந்த மிட்டை முழுக்க வெட்டிவிட்டு வாசிக்கிறார்கள். உங்களிடம் இருப்பது அந்தப் பெடல் என்றால், மிட் அலைவரிசையை 700, 800 பக்கம் கொண்டுவந்து, மிட்டை நடுவுக்குச் சற்று மேலே வைத்து, டிஸ்ட் நாபைக் கால்வாசிக்கு இறக்கிக் கேளுங்கள். அது வேறு பெடலாகிவிடும்.

அடுத்தது ஸ்பீக்கர். டோனில் ஸ்பீக்கருக்கு இருக்கிற பங்கைப் புதிதாகத் தொடங்குபவர்கள் நம்பவே மாட்டார்கள். டிஸ்டார்ஷனின் வரலாறே ஓரளவு ஸ்பீக்கரில்தான் தொடங்குகிறது. 1958-ல் லிங்க் ரே ஸ்பீக்கர் கூம்பில் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கூம்பைக் கீறினார். நீங்கள் கீற வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு: கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். அந்தச் சரிவுதான் டிஸ்டார்ஷனின் சீறலைத் தானாக வடிகட்டிக் கொடுக்கிறது. டிஸ்டார்ஷன் பெடலை நேராக ஹோம் தியேட்டரிலோ மேடையின் பிஏ ஸ்பீக்கரிலோ கம்ப்யூட்டரிலோ சொருகினால் இந்த வடிகட்டி கிடையாது, அதனால் கேட்கவே முடியாது. கம்ப்யூட்டரில் வாசிப்பதென்றால் கேபினட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) ஒலியைப் போலச் செய்கிற ஐஆர் கோப்பு ஒன்றை ஆம்ப் மென்பொருளுக்குப் பின்னால் போட்டே ஆக வேண்டும். நியூரல் ஆம்ப் மாடலர் என்கிற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அடுக்குமாடி வீட்டில் இரவில் ஹெட்ஃபோனில் வாசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சின்ன ஆம்ப் ஒன்றே இருந்தால், அதை வைக்கிற இடத்தை மாற்றிப் பாருங்கள். தரையில் வைத்து முழங்காலை நோக்கி ஒலிக்க விட்டால், ட்ரெபிள் காதுக்கு ஏறாமல் நேர்க்கோட்டில் போய்விடும். நாம் ட்ரெபிளைக் கூட்டுவோம், எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்பைச் சாய்த்து உங்கள் காதைப் பார்க்க வைத்து, அங்கிருந்து டோனைத் திருப்புங்கள். பேஸ் போதவில்லை என்றால் நாபைத் தொடும் முன் ஆம்பைச் சுவரோரமாக, மூலைக்குப் பக்கமாக நகர்த்துங்கள். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் குறைவாகத்தான் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரவில் மெதுவாக வைத்துத் திருப்பிய டோன், பயிற்சி அறையில் சத்தமாக வைத்தால் பூம் என்று வீங்கும்.

பிக்அப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பிரிட்ஜில் ஹம்பக்கர் (ஹம்மை அடக்குகிற இரட்டைச் சுருள் பிக்அப்) இருந்தால் வேலை எளிது, இல்லாவிட்டாலும் முடியும். சிங்கிள் காயிலில் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹம் சேர்ந்து வரும், அவ்வளவுதான். பிக்அப்பைக் கம்பிக்கு மிக அருகில் ஏற்றி வைத்தால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள். காந்தம் கம்பியை இழுத்துச் சுரம் அலையும். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி சுமார் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்கி, காதால் சரிசெய்யுங்கள். துரு ஏறிய பழைய கம்பியில் கடி வராது, மாற்றுங்கள். டி அல்லது அதற்கும் கீழே இறக்கி ட்யூன் செய்வதாக இருந்தால் 9 கேஜ் கம்பி (கேஜ் என்பது கம்பியின் தடிமன்) தளர்ந்துபோய், அடிக்கும்போது சுரம் மேலே எகிறும். 10-க்கோ 11-க்கோ போய்விடுங்கள்.

கடைசியாக வலது கை. வரிசையில் கடைசி என்றாலும் எனக்கு இதுதான் முதல். உள்ளங்கையின் ஓரத்தைச் சரியாகப் பிரிட்ஜின் மேல், கம்பி தொடங்குகிற இடத்தில் வையுங்கள். அரை சென்டிமீட்டர் முன்னால் போனால் சுரம் செத்து வெறும் தட்டலாகும், பின்னால் போனால் மியூட்டே ஆகாது. அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் உறுமல் இருக்கிறது. வளையாத பிக், ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. மேலும் கீழுமாக அடிப்பதை விட்டுவிட்டு எல்லாம் கீழ்நோக்கி மட்டும், மெதுவாக, மெட்ரோனோமோடு. அதே நேரம் இடது கையின் ஆள்காட்டி விரலை லேசாகச் சாய்த்து, வாசிக்காத கம்பிகளைத் தொட்டபடி அடக்கி வையுங்கள். கெயின் இருக்கும்போது சும்மா இருக்கிற கம்பி கூட அதிர்ந்து கூட்டல் கழித்தலில் கலந்துவிடும்; நீங்கள் இரைச்சல் என்று நினைப்பதில் ஒரு பங்கு இதுவாகவே இருக்கலாம்.

வாசிக்காதபோதும் ஹம் பெரிதாகக் கேட்டால், பெடலை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் போய்விட்டால் குற்றவாளி அடாப்டர். பெடலுக்கென்று செய்த, வடிகட்டல் நல்ல அடாப்டர் வாங்குங்கள், துருவம் சரியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹம் போகவில்லை என்றால் எர்த் இல்லாத பிளக் பாயின்டாக இருக்கலாம், எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். ஹம் குறைகிறது என்று ஆம்பின் எர்த் பின்னைக் கழற்றுகிறவர்கள் உண்டு. கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கிற உங்கள் உயிருக்கு அது ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள். வாசிக்காதபோது ஒலியை அடைத்துவிடுகிற நாய்ஸ் கேட் பெடல் இதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் ரிஃபுக்கு நடுவில் விழுகிற நிறுத்தங்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

இவ்வளவும் செய்த பிறகு சேறு போய் இறுக்கம் வந்து, கனம் மட்டும் போதவில்லை என்று தோன்றினால், அப்போது பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். ஆம்பில் வெளி ஸ்பீக்கருக்கான ஜாக் இருக்கிறதா, அதில் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இருந்தால், அந்த ஓமுக்குப் பொருந்துகிற, பின்பக்கம் மூடிய 12 அங்குல கேபினட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடித்து மாட்டுங்கள்.